48 பேட்டரிக்காக ஐந்தாவது கடிதம்

மதிப்பிற்குரிய கொள்முதல் குழுத் தலைவர் ஐயா அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இதற்கு முன் நான்கு முறை ஆங்கிலத்தில் எழுதினேன். நான்குக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே பதில்தான். குழுவில் மூன்று பேர் நம்மூர்க்காரர்கள், கேன்டீனில் என்னோடு ஊறுகாய் பங்கு போடுகிறவர்கள். ஆகவே இந்த முறை தமிழில், நாலு பேர் அறிய எழுதுகிறேன்.

கோப்பு எண் உங்களுக்கே மனப்பாடம். கேட்பது ஒன்றுதான்: மண் வெப்பநிலையைத் தானாகவே பதிவுசெய்யும் லாகர் கருவிகளுக்கு 48 லித்தியம் பேட்டரி, செப்டம்பர் 15க்குள்.

போன வருஷமும் லித்தியம் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். "விலை குறைந்த மாற்று" என்று ஆல்கலைன் வாங்கித் தந்தீர்கள், சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற அதே சரக்கு. உள்ளே இருப்பது நீர்க்கரைசல். குளிரக் குளிர மந்தமாகிவிடும். மைனஸ் இருபதில் அது பெயருக்குத்தான் பேட்டரி. லித்தியம் மைனஸ் 40 வரை தாங்கும்.

ஜூலையில் இமாச்சலத்தின் லாஹௌல் போனேன். பாதல் பக்கம், சந்திரா நதிப் பள்ளத்தாக்கின் பீட் சதுப்பு (பீட் என்பது பாதி மக்கிய செடிகொடிகள் சேர்ந்த மண்), கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரம். விடிகாலை, ஈரத்தில் மண்டியிட்டு லாகர் பெட்டியைத் திறந்தேன். விரல் மரத்துப்போய் ஸ்க்ரூ இரண்டு முறை சேற்றில் விழுந்தது. 5, 20, 50, 100 சென்டிமீட்டர் ஆழத்தில் நான்கு சென்சார். லேப்டாப்பில் நான்கு கோடும் நவம்பர் இரண்டாம் வாரம் வரை வந்தன. 20 சென்டிமீட்டர் கோடு 0.1 டிகிரியில் தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. மீதி ஐந்து பெட்டியிலும் இதே கதை. "கோடு எங்கே போச்சு பாயி?" என்று கூட வந்த உள்ளூர்க்காரர் கேட்டார். விலை குறைந்த மாற்றுக்குப் போச்சு என்று இந்தியில் எப்படிச் சொல்வது?

அந்த 0.1தான் என் வயிற்றெரிச்சல். புரியவில்லையென்றால் முனிர்காவில் என் அறைக்கு வாருங்கள். சென்சார் சரியாக இருக்கிறதா என்று நான் பார்ப்பது ஒரு எவர்சில்வர் சொம்பில். நொறுக்கிய ஐஸ், கொஞ்சம் தண்ணீர், சுற்றிலும் ஒரு துண்டு. வெளியே 43 டிகிரி கொளுத்தினாலும் கடைசி ஐஸ்துண்டு கரையும்வரை எண் பூஜ்ஜியத்தை விட்டு அசையாது. வருகிற சூடெல்லாம் ஐஸை உருக்கவே செலவாகிவிடும். பீட் மண்ணில் இதுவே தலைகீழாக நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஊறிக்கிடக்கும் நீர் உறையும்போது கிலோவுக்கு 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியே விடுகிறது. அது தீரும்வரை மண் வாரக்கணக்கில் பூஜ்ஜியத்திலேயே நிற்கும். ஜீரோ கர்ட்டன், அதாவது பூஜ்ஜியத் திரை என்பார்கள். மேலே எல்லாம் உறைந்து கிடக்க, அடியில் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்கும் வேலையில் இருக்கும். அலாஸ்காவின் தூந்திரத்தில் ஆண்டு முழுக்க வெளியேறும் மீத்தேனில் பாதியாவது செப்டம்பர் முதல் மே வரையான குளிர்மாதங்களில்தான் என்று 2016இல் ஓர் ஆய்வு வந்தது. நம் கோடு செத்தது சரியாக அந்த வாரங்களில்.

முழுக்க உறைந்த பிறகு நடப்பதும் பதிவாகவில்லை. ஐஸ், தண்ணீரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வெப்பம் கடத்தும். கோடையில் மேலே காய்ந்த பீட் போர்வை மாதிரி சூட்டைத் தடுக்கிறது. உறைந்துவிட்டால் அதே மண் குளிரை உள்ளே விட்டுவிடுகிறது. இதனால் வருஷ சராசரியில் ஆழம் மேற்பரப்பைவிடக் குளிர்ந்துபோகும். சந்திராவில் அது எவ்வளவு என்று பார்க்கக் குளிர்காலக் கணக்கு வேண்டும். என்னிடம் இருப்பது கோடைக் கணக்கு மட்டும்.

கோப்பில் ஒரு குறிப்பு: "ஊட்டியிலும் குளிர், அங்கும் பீட் உண்டு, பயணப்படி மிச்சம். ஏன் அங்கே செய்யக்கூடாது?" ஐயா, நான் கோத்தகிரிக்காரன். நீலகிரி பீட்டை வைத்து 20,000 ஆண்டுப் பருவநிலையை 1993லேயே எழுதிவிட்டார்கள், அதன் பெருமை வேறு. மார்கழி உறைபனி காலை ஒன்பது மணிக்குப் புல்லிலிருந்து போய்விடும். ஒரு சாண் கீழே மண் உறைவதே இல்லை. உறையாத மண்ணில் எந்தத் திரையைத் தேடுவது?

அமெரிக்காவில், மின்னசோட்டாவில், பீட் சதுப்பையே இயல்பைவிட 9 டிகிரி வரை கூடுதலாகச் சூடாக்கி ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். நாம் 48 பேட்டரிக்கு மூன்று கொட்டேஷன் கேட்கிறோம். கருத்தரங்கக் கூடத்துக்குப் புது ஏசி மட்டும் எட்டே நாளில் வந்தது. குளிர்ச்சி மேல் குழுவுக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மன்னிக்கவும், பேச்சு எங்கோ போகிறது.

2020இல் அடல் சுரங்கம் திறந்ததால் லாஹௌலுக்கு வருஷம் முழுக்கப் போகலாமே என்று நினைக்கலாம். கிராம்பூ தாண்டி பாதல் போகும் சாலைக்கு அந்த வசதி இல்லை. பனி விழுந்து மூடினால் அடுத்த கோடைதான். அக்டோபரில் ஒப்புதல் வந்தால் பேட்டரி என் அலமாரி மேல்தான் தூங்கும்.

ஆகவே தயவுசெய்து செப்டம்பர் 15க்குள், லித்தியமாகவே, 48. பதினாறாம் தேதி இரவு காஷ்மீரி கேட்டில் மணாலி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஸ்டோருக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், ஆட்டோக் காசுகூடக் கேட்கமாட்டேன்.

தங்கள் உண்மையுள்ள,
கள உதவியாளர்,
முனிர்கா, புது தில்லி