செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் வீட்டிலேயே சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியைக் கட்டிவரும் நம் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளை இப்பேரவை முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததால் டிசம்பர் கூட்டம் மட்டும் கைவிடப்பட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இவ்வாண்டு நம் கவனமெல்லாம், குமிழ்களும் ஜாக்குகளும் அமையும் முகப்புத் தகட்டின் மீதே இருந்தது. சர்க்யூட்டுக்கு மாதக்கணக்கில் உழைப்பவர்கள்கூடத் தகட்டைக் கடைசி நேர வேலையாகவே வைத்திருந்தார்கள். ஆனால், வாசிப்பவரின் விரல் படுவது தகட்டில்தான். குமிழுக்கும் குமிழுக்கும் நடுவே விரல் நுழையாவிட்டால் ஒலியை வடிகட்டும் அருமையான ஃபில்டர் இருந்தும் பயனில்லை. எனவே, முதலில் தகடு, பிறகே சர்க்யூட் போர்டு என்று தீர்மானம் நிறைவேற்றினோம். இவ்வாண்டின் முதன்மையான முடிவு இதுவே என்பது என் உறுதியான கருத்து.

அளவுகளுக்கு ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1990-களில் வகுத்த, மாட்யூல் எனப்படும் தனித்தனிப் பகுதிகளை ஒரே சட்டத்தில் பொருத்தும் யூரோராக் முறையைப் பின்பற்றுகிறோம். உயரம் 128.5 மி.மீ.; அகலம் 5.08 மி.மீட்டரின் மடங்கு, பக்கத்துத் தகட்டோடு உரசாதபடி மிகச் சிறிதளவு குறைத்து. கம்பியைச் செருகும் சிறிய ஜாக்குக்கு 6 மி.மீ. துளை, குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டருக்கு 7 மி.மீ.

தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் நம் உறுப்பினர் நடத்திய துளையிடும் பயிற்சிக்கு நல்ல வரவேற்பு. 2 மி.மீ. அலுமினியத்தில் சாதாரண பிட்டை நேரே இறக்கினால் தகட்டைக் கவ்விக்கொண்டு துளை முக்கோணமாகிவிடும். சென்டர் பஞ்சால் புள்ளி குத்தி, சிறு துளை போட்டு, சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, படிப்படியாகப் பெருக்கும் ஸ்டெப் பிட்டால் விரிக்க வேண்டும். அடியில் மரக்கட்டை அவசியம். அக்ரிலிக்கை லேசரில் வெட்டிக்கொள்வதே நல்லது. அதில் மின்சாரம் பாயாது என்பதால் ஜாக்குகளின் எர்த்தைத் தனிக் கம்பியால் இணைக்க மறக்கக் கூடாது. இரும்புத் திருகுகள் நம் உப்புக் காற்றில் நிற்பதில்லை; இனி எவர்சில்வர் திருகுகள்தாம்.

சர்க்யூட்டுக்கான பிசிபி போர்டையே தகடாக அச்சிடும் முறைக்குப் பலரும் மாறியிருக்கிறார்கள். தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை இது கவனம் கேட்கும் வேலை. சில வரைவு மென்பொருள்களில் கொம்பு இடம் மாறி விழுகிறது. அதனால் எழுத்தை இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளில் கோட்டுருவமாக மாற்றிய பிறகே அனுப்ப வேண்டும். ஆங்கில எழுத்துக்குப் போதுமான உயரத்தில் நம் ணகரமும் ஞகரமும் சுழி அடைபட்டு வெள்ளைப் பொட்டாகிவிடுகின்றன. 2 மி.மீட்டருக்குக் குறையாத உயரமும் மெல்லிய கோடும் வைத்தபோது தெளிவாக வந்தன.

இவ்வகையில் என் மனத்தை நிறைத்தது, கடலூர் உறுப்பினர் ஒருவர் செய்த சுருதி மாட்யூல். பன்னிரண்டு நிலை சுழல் சுவிட்சைச் சுற்றி 1, 1½, 2 என்று 7 கட்டை வரை சுருதி அளவுகளை அச்சிட்டிருக்கிறார். 3-க்கும் 4-க்கும் நடுவே அரை கிடையாது என்பதால் பன்னிரண்டும் கச்சிதமாக அமைகின்றன. நிலைக்கு நிலை 30 பாகை என்று எண்கள் முழு வட்டத்தையும் அடைத்துவிட்டதால், மாட்யூலின் பெயரைத் தகட்டின் அடிப்பகுதிக்கு இறக்கினார். பாட்டு ஆசிரியை ஒருவர் வந்து, யாரிடமும் கேட்காமல் ஐந்தரைக் கட்டைக்குத் திருப்பிப் பாடத் தொடங்கினார். நாம் தகடு செய்வது இவரைப் போன்றவர்களுக்காகத்தான்.

வரும் ஆண்டில் தமிழ்ப் பெயர்களுடன் பொது வரைபடத் தொகுப்பு ஒன்றைத் தயாரிக்கவும், பொதுப் பயன்பாட்டுக்கு ஒரு பெஞ்ச் ட்ரில் வாங்கவும் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன். சங்கத்தின் ஸ்டெப் பிட்டை வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்