பின்சீட்டு பெல்ட்டை வெளியே எடுக்கச் சொல்லுங்கள்

தமிழ்நாட்டின் போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு சொல்கிறது. 2019 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டம். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சட்டப்படி நடக்க ஆசைப்பட்டும் என்னால் ஏன் முடியவில்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் மேலூர் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் மகளுக்கு முடியிறக்கிக் காது குத்தினோம். எங்களிடம் கார் கிடையாது. திருச்சியிலிருந்து வாடகைக் கார்தான். ஆனால் சைல்டு சீட் இருக்கிறது. சொந்தமாக வண்டி இல்லாதவர்களுக்கு இது எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. "பச்சப்புள்ளைய இப்படியா கட்டிப் போடுவ?" என்று என் மாமியார் அழாத குறை. அவரிடம் பொறுமையாகப் பேசிப் புரிய வைத்து, விடியற்காலையில் அந்த இருக்கையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், வந்த காரின் பின்சீட்டில் பெல்ட்டைக் காணோம்.

பெல்ட் இருந்தது. சீட் கவருக்கு அடியில் இருந்தது. "வண்டி எடுத்த அன்னைக்கே கவர் போட்டாச்சும்மா, கொக்கியெல்லாம் உள்ள போயிடுச்சு" என்றார் ஓட்டுநர். நல்ல மனிதர், பத்து நிமிடம் எங்களோடு சேர்ந்து அவரும் விரலை விட்டுத் துழாவினார். கவர் இறுக்கமாகத் தைக்கப்பட்டிருந்தது. பெல்ட்டின் நாக்கு கிடைத்தது, அதை மாட்டுகிற கொக்கி கிடைக்கவில்லை. பெல்ட் இல்லாமலே சைல்டு சீட்டை வண்டியோடு பூட்டுகிற ஐசோஃபிக்ஸ் வளையமும் அதே கவருக்குள்தான். வேறு வண்டி கேட்டோம். அரை மணி கழித்து வந்த இரண்டாவது காரிலும் அதே கதை. முகூர்த்த நேரம் நெருங்கிவிட்டது. சைல்டு சீட்டை டிக்கியில் போட்டுவிட்டு மகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். ஓட்டுநர் பெல்ட் போட்டிருக்கிறாரா என்று பார்த்தார்கள், உரிமத்தைப் பார்த்தார்கள். குனிந்து என் மடியில் இருந்த குழந்தையையும் பார்த்தார் ஒருவர். கன்னத்தைத் தொட்டுச் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். அவர் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்த வண்டியில் சட்டம் மீறப்பட்டுக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தோன்றவே இல்லை.

துவரங்குறிச்சி தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது. ஓட்டுநர் பிரேக் அடித்தார். இரண்டு கையாலும் பிடித்திருந்தேன் ஐயா, தூங்கவில்லை, போன் பார்க்கவில்லை. ஒன்பது கிலோ குழந்தை என் கையிலிருந்து வழுக்கி முன்சீட்டின் முதுகில் முகம் மோதி விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் என் புடவையெல்லாம். மோதல்கூட இல்லை, பிரேக் மட்டும்தான். கிழிந்த உதட்டோடுதான் அன்று அவளுக்குக் காது குத்தினோம்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்றாவது மாடி. நாங்கள் போனது அதைவிட வேகமாக. எந்தத் தாயின் கைக்கும் அதைத் தாங்கும் பலம் கிடையாது. 2023 அக்டோபரிலிருந்து, கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை அளக்கும் பாரத் என்கேப் சோதனையில் குழந்தைகள் பாதுகாப்புக்கென்று தனியாக நட்சத்திரம் கொடுக்கிறார்கள். அந்தச் சோதனையில் ஒன்றரை வயது, மூன்று வயது பொம்மைகளை உட்கார வைப்பது சைல்டு சீட்டில்தான். மடியில் உட்கார்ந்த குழந்தைக்கு அந்த நட்சத்திரங்களால் ஒரு பயனும் இல்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். வாடகைக் கார் தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்.சி.க்கு வரும்போது பின்சீட்டு பெல்ட்டும் கொக்கியும் கவருக்கு வெளியே, மாட்டிக் கழற்றும் நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எஃப்.சி. கொடுக்காதீர்கள். எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும் அந்த வண்டிகள் உங்கள் ஆய்வாளர்கள் முன்னால் வந்துதானே நிற்கின்றன? லைட் எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா என்று பார்க்கிற நேரத்தில் இதையும் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா?

உங்கள் துறையால் இது முடியும் என்று எனக்குத் தெரியும். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கேள்வி கேட்டது. அதே ஆண்டு பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகள் வந்தன. இன்று மே மாதம் ஆனால் மைதானத்தில் பள்ளி வண்டிகளை வரிசையாக நிறுத்தி, தளத்தை, படியை, அவசர வழியைத் தட்டிப் பார்க்கிறீர்கள். அதற்கு ஒரு குழந்தை சாக வேண்டியிருந்தது. வாடகைக் காருக்கும் அப்படி ஒன்று நடக்கும்வரை காத்திருக்கப் போகிறோமா?

இன்னும் சொல்லத் தொடங்கினால் கோபம்தான் வருகிறது. சன்ரூஃபைத் திறந்து தலையை நீட்டி நிற்கும் பிள்ளைகள் நெடுஞ்சாலையில் நம்மைக் கடந்து போகிறார்கள். ஸ்கூட்டரின் முன்னால் நின்றபடி, ஹெல்மெட் போட்ட அப்பாவின் கைகளுக்கு நடுவே ஹெல்மெட் இல்லாத பிள்ளை. நான்கு வயதுக்குக் கீழ் இருந்தால் பாதுகாப்பு வாரும் தலைக்கவசமும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது என்று 2022இல் விதி எழுதினார்கள். அந்த வாரை மாட்டிய ஒரு குழந்தையைக்கூட எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. பெரியவர்களின் தலைக்கு இவ்வளவு சலான் போடும் நாம் பிள்ளைகளின் தலையைப் பார்ப்பதே இல்லை.

சரி, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. சைல்டு சீட்டை டாக்சிக்காரர்கள் வாங்கி வைக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. அவர்கள் வருமானம் எனக்குத் தெரியும். இருக்கையை நாங்கள் சுமந்து வருகிறோம். அதை மாட்ட பெல்ட் மட்டும் வெளியே இருக்கட்டும்.

அந்த வெள்ளைக் கார் அடுத்து எஃப்.சி.க்கு வரும்போது, உங்கள் ஆய்வாளர் பின் கதவைத் திறந்து அந்த கவருக்கு அடியில் ஒருமுறை கைவிட்டுப் பார்க்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வயதுக் குழந்தையின் தாய்,
திருச்சி