மாறுவது மரபணு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோய் எதிர்ப்பு செல்கள் சொந்த உடலையே தாக்காமல் அடக்கிவைக்கும் ஒழுங்குமுறை டி செல்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 2025 நோபல் பரிசையொட்டி நான் படித்தவற்றில், டி செல்கள் வளர்ந்து முதிரும் தைமஸ் சுரப்பிக்குள் எட்டிப் பார்த்தது இது ஒன்றுதான். ஆசையாகத்தான் ஆரம்பித்தேன்.

முதலில் படம். தைமஸ் என்று எழுதிய அம்புக்குறி கழுத்தைக் காட்டுகிறது. அங்கே இருப்பது தைராய்டு. ஹஷிமோட்டோ நோயோடு 18 வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். என்னுடைய நோய் எதிர்ப்பு செல்களே தாக்குகிற அந்தச் சுரப்பியின் இடம் எனக்குத் தப்பாது. தைமஸ் மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. சரி, படம் போடுகிறவரின் கைப்பிழை.

ஆனால் "தைமஸில் வளரும்போது இந்த செல்களின் மரபணு மாறிவிடுகிறது" என்ற வரியை அப்படி விட முடியவில்லை. மாறுவது மரபணு அல்ல, அதன் மேலிருக்கும் குறி. நம் எழுத்தையே பாருங்கள். 'பல்' என்பதிலிருந்து புள்ளியை எடுத்தால் 'பல' ஆகிறது. எழுத்தின் வடிவம் அப்படியே இருக்கிறது, வாசிப்பு வேறாகிவிடுகிறது. டிஎன்ஏவில் சைட்டோசின் மேல் உட்காரும் மீத்தைல் குழுவும் அப்படி ஒரு புள்ளிதான். ஒழுங்குமுறை செல்லின் குணத்தைக் காக்கும் ஃபாக்ஸ்பி3 மரபணுவின் ஒரு சிறு பகுதியில், சாதாரண டி செல்களில் இந்தப் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். தைமஸில் ஒழுங்குமுறை செல்லாக உருவாகிறவற்றில் அவை நீங்கிவிடுகின்றன. அப்புறம் அந்த செல் எத்தனை முறை பிரிந்தாலும், பிறக்கும் செல்களிலும் ஃபாக்ஸ்பி3 அணையாமல் எரிகிறது.

(எதிரியை அடையாளம் காண டி செல்கள் வைத்திருக்கும் ஏற்பியின் மரபணுக்கள் தைமஸில் நிஜமாகவே வெட்டி ஒட்டப்படுகின்றன. கட்டுரையாளர் இதை நினைத்துக்கொண்டாரோ என்னவோ. ஆனால் அது எல்லா டி செல்லுக்கும் நடப்பது.)

சொல் தகராறுக்காக இதை எழுதவில்லை. ஆய்வகத்தில் சாதாரண டி செல்லைத் தூண்டி டிஜிஎஃப் பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சேர்த்தால் அதிலும் ஃபாக்ஸ்பி3 வந்துவிடும். புள்ளிகள் மட்டும் பெரும்பாலும் போகாது. அதனால் அந்தக் குணம் நிலைப்பதில்லை. தாக்குதலை அடக்கும் சிகிச்சையாக என்னைப் போன்றவர்களுக்கு அப்படிப்பட்ட செல்லை ஏற்றி, அது உள்ளே போனபின் கட்சி மாறினால் யார் பொறுப்பு? அதனால்தான் ஃபாக்ஸ்பி3 இருக்கிறதா என்பதோடு நிற்காமல், புள்ளி போயிருக்கிறதா என்றும் சோதிக்கிறார்கள். பெண்கள் விஷயத்தில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபாக்ஸ்பி3 இருப்பது எக்ஸ் குரோமோசோமில். எங்களுக்கு எக்ஸ் இரண்டு. ஒவ்வொரு செல்லிலும் அதில் ஒன்று உறக்கத்தில் இருக்கும், அதன் புள்ளிகள் போகாது. எனவே புள்ளி நீங்கிய டிஎன்ஏ இத்தனை சதவீதம் என்று சோதனையில் வருகிற எண்ணை இரண்டால் பெருக்கித்தான் கணக்கு எழுத வேண்டும்!

ஃபாக்ஸ்பி3 தான் எல்லாவற்றையும் தொடங்கிவைக்கிறது என்றும் கட்டுரை சொல்கிறது. நோபல் பெற்ற மூவரில் ஒருவரான ஷிமோன் சகாகுச்சியின் குழுவே எலிகளில் வேறு வரிசையைக் கண்டது. 2017இல் அவர்கள் வெளியிட்டபடி, தைமஸில் சாட்ப்1 என்ற புரதம் முன்னதாகவே வந்து, மூடிக் கிடக்கும் டிஎன்ஏ பகுதிகளைத் திறந்துவைக்கிறது. ஃபாக்ஸ்பி3 பிறகுதான் வருகிறது. வளரும் டி செல்களில் சாட்ப்1 இல்லாமல் செய்தபோது ஒழுங்குமுறை செல்கள் சரியாக உருவாகவில்லை. எலிகளுக்குத் தன்னுடல் தாக்குநோய் வந்தது.

31 வருடம் விலங்கியல் நடத்தியவள் நான். தைமஸ் வயதாக ஆகச் சுருங்கிப்போகும் என்ற ஒரே வரியோடு அதைத் தாண்டிப் போன குற்றம் எனக்கும் உண்டு. இந்தக் கட்டுரையை வெட்டிவைத்துத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அம்புக்குறியையும் கொஞ்சம் கீழே இறக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை