புல்தரைக்குத் தினமும் தண்ணீர் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம். புல்தரைக்குத் தினமும் தண்ணீர் விட வேண்டும் என்று உங்கள் தோட்டக் கட்டுரையில் படித்தேன், எல்லாப் புல்லுக்கும் அது பொருந்தாது. நாம் களை என்று பிடுங்கி எறிகிற அருகம்புல் (பெர்முடா புல் என்று காசு கொடுத்து வாங்குவதும் பெரும்பாலும் இதே இனம்தான்!) வறட்சியில் பழுப்பாகிச் செத்ததுபோல் கிடந்தாலும் நல்ல மழை பெய்ததும் திரும்பத் துளிர்த்துவிடும், ஆனால் நிழலில் தேறாது. கொஞ்சம் நிழல் விழும் இடமென்றால் சோய்சியா என்கிற புல் வகையைப் போடலாம். பரவ நாளாகும், பொறுமை வேண்டும். அப்புறம், எந்தப் புல்லானாலும் தினமும் லேசாகத் தெளித்துக்கொண்டே இருந்தால் வேர் மேலாகவே நின்றுவிடும், அதற்குப் பதில் வாரம் ஒருமுறை மண் அரை அடி ஆழம் நனைகிற மாதிரி விடுங்கள், வெயில் காலத்தில் ஒட்ட வெட்டவும் வேண்டாம்.

– ஒரு வாசகர்