ஓர்லாக் ஏன் வெயிலில் நடந்தார்? திரைப்படக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு ‘நாஸ்ஃபெராட்டு’ என்ற பழைய ஜெர்மன் பேசாப்படத்தின் திரையிடலில் என்ன நடந்தது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை, அரங்கின் சிரிப்பு உங்கள் காதிலும் விழுந்திருக்கும். சவப்பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பளீரென்ற வெயிலில் ரத்தக்காட்டேரியான ஓர்லாக் பிரபு குடுகுடுவென்று போகிறார். பின்வரிசையில் ஒரு பையன், "வெயில் பட்டா செத்துருவார்னு சொன்னாங்களே?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

படத்துக்கு மூலமான பிராம் ஸ்டோக்கரின் நாவலில், ஓர்லாக்கின் இடத்தில் வரும் டிராகுலா பகலிலும் நடமாடுவார், சக்திதான் குறையும். வெயிலில் ரத்தக்காட்டேரி அழிந்துபோகும் என்பதை நாவலின் மேல் ஏற்றியது 1922-இல் வந்த இந்தப் படம். கதையே கடைசியில் அந்த விடியலில்தான் முடிகிறது. அன்றைய ஃபிலிமுக்கு இரவு வெளிச்சம் போதாது என்பதால் இரவுக் காட்சிகளைப் பகலிலேயே எடுத்து, பிரதியை நீலச் சாயத்தில் தோய்த்தார்கள். நீலம் என்றால் இரவு, மஞ்சள் என்றால் விளக்கு வெளிச்சம், இளஞ்சிவப்பு என்றால் விடியல். அந்த நிறத்தைக் கழற்றிவிட்டால் இயக்குநர் முர்னாவ் செய்த தழுவலில் மிச்சம் என்ன இருக்கிறது? நீங்கள் போட்டது கறுப்பு வெள்ளைப் பிரதி. போதாததற்கு, நொடிக்குச் சுமார் 18 சட்டகம் (ஃபிரேம்) ஓட வேண்டியதை 24-இல் ஓட்டினீர்கள், இடையில் வரும் எழுத்து அட்டைகளைப் படித்து முடிப்பதற்குள் அவை போய்விட்டன.

ஆகவே ஒரே கோரிக்கை: சாயமேற்றிய, சரியான வேகத்தில் ஓடும் பிரதியைத் திரையிடுங்கள். பாரிஸின் திரைப்படக் காப்பகமான சினிமாதேக்கில் இருந்த 1922-ஆம் ஆண்டுப் பிரதியை வைத்து முர்னாவ் அறக்கட்டளை மீட்டெடுத்த பதிப்பு டிஸ்க்காகவே விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை, அன்று மேடையில் போர்த்திய பொன்னாடைகளை விட அதிகமாக இருக்காது.

உரிமை வாங்காமல் எடுத்ததால் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லி 1925-இல் நீதிமன்றமே உத்தரவிட்ட படம் இது. அதற்கே தப்பிவிட்டது, நம் புரொஜெக்டரிடம் மாட்டிக்கொண்டது. பழைய படமென்றால் கோடு விழுந்து, நிறமில்லாமல், ஆட்கள் ஓட்டமும் நடையுமாகத்தான் இருப்பார்கள் என்று யார் சொன்னது? 1903-இல் எடுத்த ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ படத்தின் சிதைந்த பிரதியைக்கூட பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் பழைய சாய நிறங்களோடு மீட்டு 2010-இல் வெளியிட்டது. இங்கே கையில் கிடைத்த ஏதோ ஒரு கோப்பைத் தட்டிவிட்டு, முன்னால் நாற்பது நிமிடம் உலக சினிமா பற்றிப் பேச ஆள் பிடிக்கிறோம்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். இலவசமாக இடம் பிடித்து, நாற்காலி போட்டு இதை நடத்துவது எவ்வளவு சிரமம் என்று தெரியும். அடுத்த மாதப் பட்டியலில் முர்னாவின் இன்னொரு பேசாப்படமான ‘ஃபாவ்ஸ்ட்’ இருப்பதைப் பார்த்தேன். தயவுசெய்து மீட்டெடுத்த பிரதியாகப் பாருங்கள், ஓட்டும் முன் வேகத்தைச் சரிபாருங்கள். கிடைக்கவில்லையா, தேதியைத் தள்ளிப் போடுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம். அப்படியே ‘நாஸ்ஃபெராட்டு’வையும் இன்னொரு முறை போடுங்கள். அந்தப் பையனையும் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
சந்தா கட்டும் ஓர் உறுப்பினர்