எந்தப் பக்கமும் ஒரே வேகமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ஹெலிகாப்டர் சுற்றுலாக் கட்டுரையில், ‘முன்னால், பின்னால், பக்கவாட்டில் என எந்தப் பக்கமும் ஒரே வேகத்தில் பறக்கும்’ என்று உங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். அரக்கோணம் கடற்படைத் தளத்தில் சேத்தக் ஹெலிகாப்டர்களைப் பழுது பார்த்தே தலை நரைத்தவன் நான். எனக்குத் தெரியாத இந்த வித்தையை அவர் எங்கே கற்றாரோ!

தாங்கள் அறியாததல்ல. எந்தப் பக்கமிருந்து காற்றடித்தாலும் குறைந்தது 17 நாட் வரை, அதாவது மணிக்குச் சுமார் 31 கி.மீ. வரை, எந்திரம் கட்டுக்குள் நிற்க வேண்டும் என்பதுதான் அமெரிக்க, ஐரோப்பியச் சான்றிதழ் விதி. அதற்கு மேல் எவ்வளவு தாங்கும் என்பதை அந்தந்த ரகத்தின் கையேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பின்னாலிருந்து 20 நாட் காற்றடிக்கும்போது அந்தரத்தில் அசையாமல் நிற்பதும், காற்றே இல்லாத நாளில் 20 நாட் வேகத்தில் பின்னால் போவதும் எந்திரத்துக்கு ஒன்றுதான். வேகமானியின் குழாயோ முன்பக்கம் பார்த்திருக்கிறது. பின்னால் போகும் வேகத்தை அது காட்டாது. சேத்தக்கின் பெரிய விசிறி, மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்று. அதனால் இடப்பக்கக் காற்றில், வால் விசிறியைக் கட்டுப்படுத்தும் வலது கால் பெடல் கடைசி வரை போய் முட்டிக்கொள்ளும். அமெரிக்க ரகங்களில் இது தலைகீழ். கப்பல் தளத்தில் பெடல் முட்டியபடி இறங்கி, முகம் வெளுத்து வெளியே வந்த விமானிகளைப் பார்த்திருக்கிறேன்.

இதாவது போகட்டும். 2018 அக்டோபரில் இங்கிலாந்தின் லெஸ்டர் கால்பந்து மைதானத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் விழுந்து, கிளப் உரிமையாளர் உட்பட ஐந்து பேர் இறந்தார்கள். ‘பின்பக்கமாகப் பறந்த விபரீதம்’ என்று தலைப்பு வைத்தது இதே நாளிதழ்தான். ஒரு என்ஜின் நின்றால் திரும்பி இறங்க வேண்டிய இடம் கண்ணெதிரே இருக்கட்டும் என்றுதான் அப்படிப் பின்வாங்கி ஏறுகிறார்கள். வால் விசிறிக் கட்டுப்பாட்டின் பேரிங் இறுகிப்போனதே காரணம் என்று 2023-ல் பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை சொன்னது. அதற்கு ஒரு பெட்டிச் செய்தி போடக்கூட உங்களுக்கு மனம் வரவில்லை. நான் எழுதிய கடிதமும் குப்பைக்கூடைக்குப் போயிருக்க வேண்டும். அன்று பின்னால் போனதே குற்றம். இன்றோ, பின்னால் எவ்வளவு வேகமும் போகலாம்!

காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் மூக்கு மேடையைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும் என்று விமானிக்கு உத்தரவு போடும் கட்சிக்காரர்கள் இங்கே ஏற்கெனவே ஏராளம். அவர்கள் கையில் இந்தக் கட்டுரையும் கிடைத்தால் கேட்கவே வேண்டாம். வால் விசிறிக்குப் பக்கத்தில் நின்று படம் பிடிக்கும் உங்கள் புகைப்படக்காரரைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.

ஒரு வரித் திருத்தம் போடுங்கள். இடமில்லை என்றால் ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடற்படைத் தொழில்நுட்பர்,
அரக்கோணம்.