சமூக அறிவியல் ஆசிரியர் மன்றம், கல்குளம் வட்டம்: ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு நான்கு முறை கூடியது. செப்டம்பர் 5 அன்று ஆசிரியர் தினம் கொண்டாடினோம். பணி ஓய்வு பெற்ற மூவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். பத்மநாபபுரம் அரண்மனைச் சுற்றுலா மழையால் தள்ளிப்போய், நடக்காமலே போனது.

இனி இணையவழி ஆய்வு, அதாவது பிள்ளைகளே இணையத்தில் தேடிச் சரிபார்த்து விடை காண்பது. சென்ற பொதுக்குழுவில் இதை முன்வைத்தபோது, "பிள்ளைகள் விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதிக் கொண்டுவருவார்கள், அவ்வளவுதான்" என்றார்கள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதனால்தான் தலைப்பைக் கொடுக்காமல் கேள்வியைக் கொடுத்தோம்: பறளியாற்றின் மேலே கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் நீளம் எவ்வளவு, யார் சொல்கிறார்கள், எதை வைத்துச் சொல்கிறார்கள்?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஹைடெக் லேபில் தேடினார்கள். உயரம் 115 அடி என்பதில் அவர்கள் பார்த்த பக்கங்கள் ஒத்துப்போயின. நீளம்தான் சிக்கல். ஓரிடத்தில் ஒரு கிலோமீட்டர், இன்னோரிடத்தில் சுமார் 1,200 அடி. கிலோமீட்டர் என்றால் 3,280 அடி ஆயிற்றே! "எது சார் சரி?" என்றார்கள். நான் சொல்லவில்லை. கூகுள் எர்த்தில் அளந்தார்கள். மறு சனிக்கிழமை டேப்போடு பாலத்தின் மேலேயே போய் நின்றோம். 1,200 அடியை ஒட்டித்தான் வந்தது. திரும்பி வந்து தேடியபோது, கிலோமீட்டர் என்ற அந்த ஒரே வாக்கியம் எழுத்து மாறாமல் பல பக்கங்களில் இருப்பதை ஒரு மாணவி கண்டுபிடித்தாள். பத்துப் பேர் சொன்னாலும் சாட்சி ஒன்றுதான் என்று அவளே வகுப்புக்குச் சொன்னாள். என் பணிக்காலத்தில் இப்படி ஒரு வகுப்பு எனக்கு அமைந்ததில்லை.

ஆனால் இதைச் செய்ய ஒப்புக்கொண்ட பள்ளிகள் ஐந்து, செய்தவை இரண்டு. இதற்கான பயிற்சிக்குப் பெயர் கொடுத்த உறுப்பினர்கள் 22 பேர். வந்தவர்கள் 7 பேர். முகூர்த்த நாள் என்று பிறகு காரணம் சொன்னார்கள். உறுப்பினர்களைக் கேட்டுத்தான் அந்த நாளைக் குறித்தோம். வராதவர்களை நம்பி லேபைத் திறந்து வைத்துக் காத்திருந்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சொல்லும்படி இல்லை. பாதிப் பேர் இரண்டு ஆண்டாகச் சந்தா தரவில்லை. மாத்தூர் போன வேன் வாடகையில் ஒரு பகுதி என் கையிலிருந்து போனது. திருப்பிக் கேட்கவில்லை, பதிவாக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

லேப் தந்த தலைமை ஆசிரியர்களுக்கும், அனுப்பிவைத்த பெற்றோருக்கும் நன்றி.

வரும் ஆண்டு, திருவிதாங்கூர் டச்சுக்காரர்களை வென்ற குளச்சல் போரை எடுக்க எண்ணம். 1741 ஜூலை 31 என்றும் ஆகஸ்ட் 10 என்றும் தேதி இருக்கிறது. அதில் தோற்ற டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டையில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பள்ளிக்கு ஒருவர் பொறுப்பேற்றால் போதும். யாரும் வராவிட்டால் அடுத்த செயலாளரிடம் இந்தக் கோப்பை ஒப்படைத்துவிடுகிறேன். பெயர் எழுதும் தாள் பொருளாளர் மேசையில், ரசீதுப் புத்தகத்தின் பக்கத்தில் இருக்கிறது.

செயலாளர்